மூன்றாவது ஓலை

9-1-2025, வியாழன்

சத்துமாவு கிண்டும்போது இடது கை மறுபடி ஆடியது. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. ஒரு வாண்டு எழுந்து என்னைப் போலவே கையை ஆட்டிக் காட்டினாள். நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

நடுக்குவாதம் கிழவர்களுக்கு வருவது என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு நாற்பத்தாறு. அதனால்தான் கள்ளக்குறிச்சி நரம்பு டாக்டர் மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்தார். நேற்று முடிவு சொன்னார். பழுதான மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று மட்டும் இருந்தால் நோய் வராதாம். சொந்தத்தில் கட்டினார்களா என்று கேட்டார். அம்மாவுக்கு அப்பா மாமன் மகன். எங்கள் வீட்டில் வேறு எப்படிக் கட்டுவார்கள்?

என் மகள் செலினாவுக்கு ஒன்று கட்டாயம் இருக்கும். அவளைக் கட்டுகிறவனுக்கும் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. கட்டப்போவது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கட்டப்போவது ரெக்ஸ். என் அண்ணன் மகன்.

12-1, ஞாயிறு

சேவியர்ராஜ் அண்ணன் வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் வந்தார். சொந்தத்தில் கட்ட ஆயரின் அனுமதி வந்துவிட்டதாம். தவக்காலத்துக்கு முன் கல்யாணம். அடுத்த ஞாயிறு கோவிலில் முதல் கல்யாண ஓலை வாசிப்பார்கள், மூன்று ஞாயிறு வாசித்தால்தான் கல்யாணம்.

இன்று சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். அதற்குள் அவர், "நோய்க்காரி பொண்ணுன்னு வெளியில எவனும் யோசிப்பான் மேரி. அண்ணன் யோசிப்பனா?" என்றார். அதற்குப் பிறகு என்னத்தைச் சொல்ல?

ஒரு பொட்டலமும் தந்தார். பூனைக்காலி விதைத் தூள். "பால்ல கலக்கிக் குடி. ஒரு மணி நேரத்துல கை அடங்கிப்பூடும்." உனக்கு எப்படித் தெரியும் என்றேன். மலையில் யாரோ சொன்னார்களாம். ஒரு கையாலேயே டீயைக் குடித்தார். இன்னொரு கை பேன்ட் பையிலேயே இருந்தது. மலையை விட்டு இறங்கியும் குளிர் விடவில்லை போல.

19-1, ஞாயிறு

முதல் ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்றார் சாமியார். கோவிலில் அத்தனை பேரில் அறிந்தவள் நான் ஒருத்திதான். பெண்ணைப் பெற்றவளே.

கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தேன். முந்தானையும் சேர்ந்து ஆடியது. வெளியே வந்ததும் செலினா, "மாமா, எங்கம்மாவ வண்டியில ஏத்து" என்று ரெக்ஸைக் கூப்பிட்டாள். பேசத் தெரிந்த நாள் முதல் அவளுக்கு அவன் மாமா. எவ்வளவு உரிமை அந்தக் குரலில். பாவி நான்.

22-1, புதன்

தூள் வேலை செய்கிறது. ஜாக்கெட் கொக்கியை நானே மாட்டினேன். டாக்டர் மாத்திரையையும் விடவில்லை. இரண்டும் இருந்தால் நல்லதுதானே.

26-1, ஞாயிறு

கை நடுங்காத சம்பந்தியாக ஒருநாள் உட்கார ஆசைப்பட்டேன். பூசைக்கு முன் மாத்திரை போட்டு, தூளையும் ஒரு கரண்டி கூடப் போட்டுக் குடித்தேன்.

இரண்டாம் ஓலை வாசிக்கும்போது கழுத்து தானாகத் திரும்பியது. தோள் நெளிந்தது. கால் ஒரு பக்கம் இழுத்தது. நடுக்கம் இல்லை இது — வேறு யாரோ என் உடம்பை ஆட்டினார்கள். பின்னால் ஒருத்தி பேய் என்றாள். கேட்டது.

அண்ணன்தான் அணைத்து வெளியே கொண்டுபோனார். "ஜாஸ்தியாப் போட்டா இப்பிடித்தான் மேரி, ஒடம்ப முறுக்கும். பயப்படாத, கொஞ்ச நேரத்துல அடங்கிடும்." சொன்னபடியே அடங்கியது.

27-1, திங்கள்

சித்த மருத்துவர் தேவிப்ரியாவிடம் போனேன். சின்ன வயது, கண்டிப்பு அதிகம். மாத்திரையில் இருக்கிற சத்துதான் அந்த விதையிலும் இருக்கிறது, ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டால் உடம்பு தாங்குமா என்றார். அங்கேயே நரம்பு டாக்டருக்குப் போன் போட்டார். இருவரும் பேசி, இப்போதைக்குத் தூளை நிறுத்தினார்கள். மாத்திரை பாலில் கூடாது, தண்ணீரில், சாப்பாட்டுக்கு முன்னால். உடற்பயிற்சி உண்டு.

"சித்த மருந்து வேணாம்னு சொல்லலைங்க. ரெண்டு டாக்டரும் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் குடுக்கக் கூடாது. அளவு யாரு சொன்னது?"

அண்ணன் என்றேன்.

"அவருக்கு எப்படிங்க தெரியும்?"

நானும் அன்றைக்கு இதைத்தான் கேட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் அந்தக் கை நினைவுக்கு வந்தது. பையை விட்டு வெளியே வராத கை. அய்யோ, மாதாவே.

30-1, வியாழன்

செலினாவிடம் எல்லாம் சொல்லி, அவளையும் கூட்டிக்கொண்டு வெள்ளிமலை போனேன். மரபணு விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் கத்தினார். தலைமுறை தலைமுறையாகக் கட்டவில்லையா, நாமெல்லாம் செத்தா போய்விட்டோம், உன் பெண்ணை வேறு எவன் எடுப்பான். எல்லாம் கேட்டுக்கொண்டேன். பிறகு, இடது கையை வெளியே எடு அண்ணா என்றேன்.

முதலில் மறுத்தார். கடைசியில் எடுத்து மடியில் வைத்தார். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல் உருண்டுகொண்டிருந்தன. என் கை மாதிரியே. அச்சு அசல்.

"மலப்பாதையில வண்டி ஓட்றவன் இத வெளிய சொல்ல முடியுமா மேரி? எவன் ஏறுவான்?"

அவருக்கும் அதே நோய்தான் என்றால் ரெக்ஸுக்கும் ஒன்று கட்டாயம். சந்தேகத்துக்குக்கூட இடம் இல்லாமல் போய்விட்டது. ரெக்ஸ் வாசற்படியில் நின்று, "நாலுல மூணு நல்லாத்தான இருக்கும் அத்த?" என்றான். கட்டுவதும் விடுவதும் உங்கள் முடிவு, டாக்டரிடம் இரண்டு பேரும் பேசுங்கள் என்றேன். எனக்கே அழுகை வந்தது. செலினா என் கையைப் பார்த்தாள், அண்ணன் கையைப் பார்த்தாள். பிறகு அவளும் ரெக்ஸும் சாமைக் கொல்லைப் பக்கம் நடந்து போனார்கள். நாங்கள் கூப்பிடவில்லை.

1-2, சனி

செலினாவே போய்ச் சாமியாரிடம் பேசிவிட்டு வந்தாள். சாப்பிடவில்லை.

2-2, ஞாயிறு

எங்கள் மூன்றாவது ஓலை இல்லை, வேறு யாருடைய ஓலையோ வாசித்தார்கள். கையை முந்தானைக்குள் வைக்கவில்லை.

3-2, திங்கள்

நரம்பு டாக்டரிடம் அண்ணனுக்கு இன்று முதல் தடவை. வெள்ளிமலையிலிருந்து ஜீப்பை ரெக்ஸ் ஓட்டிக்கொண்டு வந்தான். சங்கராபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நானும் செலினாவும் பின்னால் ஏறிக்கொண்டோம். அண்ணன் அவன் பக்கத்தில். இல்லாத பிரேக்கை வழியெல்லாம் மிதித்துக்கொண்டே வந்தார். கை இரண்டும் மடியில், வெளியே.

கள்ளக்குறிச்சி நெருங்கும்போது ரெக்ஸ் ஒரு கரும்பு டிராக்டரை முந்தப் பார்த்தான். எதிரே பஸ் வந்தது.

"மெதுவா போ, ரெக்ஸ்" என்றாள் செலினா.

அவன் வேகத்தைக் குறைத்தான்.