வால் இருந்தா பேச்சு, குமிழி இருந்தா நெனப்பு

என் வாலுப் பொண்ணுக்கு அப்பா எழுதறது. நான் சௌக்கியம்னு முதல் வரியிலயே எழுதணுமாம், உங்கம்மா பக்கத்துல நின்னு சொல்றா, அதனால சௌக்கியம். நீயும் சளி காய்ச்சல் இல்லாம நல்லா இருக்கணும், உடம்பு சரியில்லாத பிள்ளையத் திட்டினா பாவம் எனக்குத்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படி ஏறிடறா, இறங்கறப்பதான் ஒவ்வொரு படிக்கும் என்னை ஒரு திட்டு. சமையலறைக் குழாய் லேசா சொட்டிக்கிட்டு இருந்துச்சு, நான் சரி பண்ணினேன், இப்ப நல்லா சொட்டுது.

அன்னிக்கு நீ போன் பண்ணினப்ப லைன் சரியில்லன்னு வச்சேனே, லைன் நல்லாத்தான் இருந்துச்சு. நான் வாரா வாரம் போடற பேச்ச ஒரே வாரத்துல நாப்பதாயிரம் பேர் போன்ல கேட்டிருக்காங்கப்பா, அடுத்த மாசம் நீயே வந்து மைக்ல படிக்கணும்பான்னு நீ குதிக்கறே, நான் லைன் மேல பழியப் போட்டு வச்சிட்டேன். ஏன்னா அதுக்கு முந்தின நாள்தான் முடி வெட்டற கடையில மாட்டிக்கிட்டேன். மூஞ்சி பூரா சோப்பு நுரை, கழுத்துல கத்தி. கடைக்காரன் போன்ல எதையோ போட்டுவிட்டு, இதக் கேளுங்க பெரியவரே, படிக்கத் தெரியாத ஒரு அப்பா பொண்ணுக்குப் படக்கதை படிச்சாராம், வயிறு வலிக்கச் சிரிப்பீங்கன்னான். பாத்தா உன் குரல், நான் இன்னும் கேக்காத அந்த வாரப் பேச்சு. பார்சல் ஆபீஸ்ல வேலைன்னு சொன்னே, சரி, பார்சல் ஆபீஸ்ல ஆயிரம் பேரு. ஒவ்வொரு பக்கம் திருப்பறப்பவும் தொண்டையச் செருமுவார்னு சொல்லி க்ர்ர்ஹும்னு செருமியும் காட்டினே பாரு, அங்க கடைக்காரன் கை அப்படியே நின்னு போச்சு. இருபது வருஷமா அவன் நாற்காலியில உக்காந்து நான் அப்படித்தானே செருமறேன். எதிர்க்க நிலைக்கண்ணாடியில அவன் என்னைப் பாக்கறான், நான் அவனைப் பாக்கறேன். பக்கத்து நாற்காலிக்காரன் மட்டும் விவரம் தெரியாம விழுந்து விழுந்து சிரிக்கறான். பாதியில எழுந்து வந்துட்டேன், ஒரு பக்கக் கிருதா இன்னும் நீளமாத்தான் இருக்கு.

பேர் சொல்லலியேப்பா, பாசமாத்தானே சொன்னேன்னு நீ சொல்லுவே. பாசம்தான், இல்லேங்கல. அந்த ஒத்தக் கையுறை துப்பறியறவன் கதைய எனக்கே மறுபடி கேக்கணும்போல இருந்துச்சு. எழுத்து தெரியாதவனுக்குப் படம்தானே கதி, ஒவ்வொரு பக்கமும் செருமற நேரத்துக்குள்ள படத்தப் பாத்து நானே ஒரு பேச்சக் கட்டிவிடுவேன். மேகம் மாதிரி சுருள் சுருளா வட்டம் போட்டிருந்தா அது மனசுக்குள்ள நெனக்கறதுன்னு எனக்கென்ன தெரியும், எல்லாத்தையும் வாய்விட்டே சொல்ல வச்சேன். துப்பறியறவன் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, டேய் திருடா, நான் இங்க ஒளிஞ்சிருக்கேன், நீ வந்ததும் மடக்கப் போறேன்னு கத்துவான். திருடன் பாவம், சரிங்க, கதவத் தட்டிட்டே வர்றேன்னு பதில் சொல்லுவான். நீ கேட்டுட்டு உருளுவே. ஏழு வயசுல உனக்கு எழுத்துக் கூட்டத் தெரிஞ்சதும் அதே பக்கத்த எடுத்து வச்சுக்கிட்டு, அப்பா இதுல அப்படி எழுதலியேன்னு கேட்டே. என் மூஞ்சியப் பாத்தே. எழுந்து போய்க் கதவச் சாத்திட்டு வந்தே. அதுக்கப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எனக்கு நீதான் டீச்சர். நீ சொல்லிக் குடுத்த முதல் பாடம், வட்டத்துக்குக் கீழ வால் இருந்தா பேச்சு, குமிழி இருந்தா நெனப்பு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு நீயாத்தான் சொன்னே, நான் கேக்கக்கூட இல்ல. ஒரு தாள்ல மேகம் வரைஞ்சு, இது இதுக்குள்ளயே இருக்கும்பான்னு சொல்லி என் சட்டைப் பையில வச்சே.

அந்த மேகத்துக்கு இப்ப வால் வச்சிட்டியே வாலு.

அஞ்சு வருஷமா நீ வெளிய இருக்கற சத்தம் மைக்ல விழாம அலமாரிக்குள்ள துணிகளுக்கு நடுவுல உக்காந்து படக்கதைங்களப் பத்திப் பேசினது எனக்குத் தெரியாதா. வாரா வாரம் நாப்பத்தோரு பேர் கேக்கறாங்கன்னு சொன்னே, அதுல ஏழு பேரு நான்தான், அம்மா போன்ல ரெண்டு தடவ, என் போன்ல மூணு தடவ, மாடி வீட்டுக்காரர் போன வாங்கி ரெண்டு தடவ. ஒரு பதிப்பகத்துக்காரன் புத்தகத்தச் சும்மா அனுப்பி நல்லதா நாலு வார்த்தை சொல்லுன்னு கேட்டப்ப, படம் நல்லாருக்கு கதை சொதப்பல்னு மூஞ்சிக்கு நேரா சொன்னியே, அன்னிக்கு நான் நெஞ்ச நிமித்திக்கிட்டு நடந்தேன். யாருக்கும் வளையாத பொண்ணுன்னு. நாப்பத்தோரு பேர் நாப்பதாயிரம் ஆகறதுக்கு நீ அப்பனத் தூக்கி மைக் முன்னாடி வைப்பேன்னு நான் கனவுலயும் நெனக்கல. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டா வேணாம்னு சொல்லுவேன்னு தெரிஞ்சுதான் நீ கேக்கல, அதுதான் எனக்கு ஆறல.

இதுல பெரிய அடி எங்க விழுந்துச்சு தெரியுமா, உன் அரக்கு மாமாகிட்ட. பார்சலுக்கு அரக்கு வச்சு முத்திரை குத்துவானே, அவன்தான். எனக்கு எழுத்து தெரியாத பதினோரு வருஷமும் கண்ணாடிய வீட்ல வச்சிட்டேண்டான்னு நான் பொய் சொல்ல, அவன்தான் ஒவ்வொரு விலாசத்தையும் எனக்குப் படிச்சுச் சொன்னான். இவன் மறதிக்கு ஒரு வழி பண்ணணும்னு கண்ணாடியக் கழுத்துல மாட்டிக்கற கயிறு ஒண்ணு வாங்கிக் குடுத்தான். நான் படிக்கக் கத்துக்கிட்ட நேரமும் கயிறு வந்த நேரமும் ஒண்ணாப் போச்சு. என் கயிறு கட்டினதுலேர்ந்து இவன் மறந்ததே இல்லன்னு முப்பது வருஷமா எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டிருந்தான், நானும் விட்டுட்டேன். உன் பேச்சக் கேட்டுட்டு வாசல்ல வந்து நின்னான், உக்காரச் சொன்னேன், உக்காரல. என்கிட்ட சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன்னு நெனச்சியாடான்னு கேட்டான், போயிட்டான். பதினாறு நாளாச்சு, சாயங்காலம் நடக்கக் கூப்பிட வர்றதில்ல. எதிர்ல வந்தா தெருவத் தாண்டி அந்தப் பக்கம் போறான். உனக்கு நாப்பதாயிரம் பேர் சேந்தாங்க, எனக்கு இருந்ததே ஒருத்தன்.

உங்கம்மாகிட்ட போய், இவ்வளவு நாள் உன்கிட்டயும் மறைச்சிட்டேண்டின்னு ஒத்துக்கிட்டேன். அவ துணி மடிச்சுக்கிட்டே, கல்யாணம் ஆன மூணாம் நாள் பேப்பரத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே, அன்னிக்கே தெரியும்னுட்டா. நாப்பத்திரண்டு வருஷம். மூச்சு விடல பாரு. மேகம்னா அது மேகம்.

மைக்ல வந்து படிக்கறதெல்லாம் நடக்காது. போட்டதை எடுத்துடுன்னும் நான் சொல்லல, நாப்பதாயிரம் காதுலேர்ந்து எப்படி எடுப்பே. நான் ஒண்ணு பண்ணப் போறேன். இந்தக் கடுதாசிய ஒட்டறதுக்கு முன்னாடி அரக்கு வீட்டுக்குப் போய், அவன் கயித்தக் கழுத்துல மாட்டிக்கிட்டு, முதல் எழுத்துலேர்ந்து அவனுக்கு நானே படிச்சுக் காட்டப் போறேன். செருமாம. அவன் கதவத் திறந்தா உள்ள உக்காந்து படிப்பேன், திறக்கலன்னா கதவுக்கு வெளிய நின்னு கத்திப் படிப்பேன், எனக்குத் தெரிஞ்ச துப்பறியறவன் அப்படித்தான் பண்ணுவான். நீ அவனுக்கு இப்ப போன் பண்ணாதே. மாமா கோபம் மாமாவோடது, நான்தான் சம்பாதிச்சேன்.

உன்மேல இருக்கற வருத்தம் இன்னும் போகல, போனதும் நானே சொல்றேன், நீ கேக்காதே. ஆனா வாராவாரம் பேசறத நிறுத்திடாதே, வேகமா பேசறத மட்டும் குறைச்சுக்க, வரிக்கு நடுவுல மூச்சு விடு. அலமாரிக் கதவ முழுசா சாத்தாதே, காத்து வேணும். நல்லா இரு, நீண்ட ஆயுசோட இரு, எவனுக்கும் வளையாம இரு.

கீழ ஒரு மேகம் வரைஞ்சிருக்கேன். இத அரக்குக்குக் காட்ட மாட்டேன், உங்கம்மாவும் பாக்கல. உள்ள என்னமோ எழுதணும்னு பேனாவ வச்சு வச்சுப் பாத்தேன், வரல, அதனால எழுத்தே கிடையாது. நான் அந்தக் காலத்துல படிச்ச மாதிரி நீயும் படத்தப் பாத்துப் படிச்சுக்க. மைக்க அணைச்சிட்டுப் படி.

கழுத்துல கயிறோட,
உன் அப்பா