குடைக் கம்பியில் கட்டிய நூல்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
ஆடி முதல் வாரம், திங்கட்கிழமை.

அன்புள்ள அம்சவேணிக்கு,

குமரகுரு எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறது. உன் தங்கை இளவரசி என்னைப் பற்றிக் கேட்டால் இந்த ஒரு வரியை மட்டும் படித்துக் காட்டு. மற்றது அவளுக்கு வேண்டாம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் இரண்டாவது வாக்கியத்தில் நான் கத்துகிறேன், மூன்றாவது வாக்கியத்தில் நீ அழுகிறாய். நீ சென்னைக்குப் போய் இட்லிக் கடை போட்ட நாளிலிருந்து நாம் நான்காவது வாக்கியத்துக்குப் போனதே இல்லை. கடிதம் என்றால் நான் முழுவதும் சொல்லலாம், நீ உன் அவகாசத்தில் கோபப்படலாம்.

முந்தாநாள் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். நீ பார்த்து வைத்திருக்கும் வாடகை வீட்டைப் பற்றித்தான். "வீட்டுக்காரரு கேட்டுக்கினே இருக்கிறாருங்க. ஆவணி பொறந்ததும் குடி போவணும். ரெண்டு பேருன்னு சொல்லட்டா, ஒரு ஆளுன்னு சொல்லட்டா?" என்று கேட்டாய். யோசித்தேன். ஒரு ஆள் என்றே சொல்லிவிடு.

வெறும் கோபத்தில் எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம். என்னிடம் காரணங்கள் இருக்கின்றன. இளவரசியின் புருஷன் ஜெயக்குமார் டாக்சி ஓட்டும் ஊரில் நான் எப்படி இருப்பேன்? கல்லூரியில் வரலாற்றுத் துறையை மூடி என்னை வீட்டுக்கு அனுப்பிய வருடம், தன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பந்தி நடுவில் நின்றுகொண்டு அவன் சொன்னது உனக்கு மறந்திருக்கும். "சகலைக்கு இன்னாபா, வீட்டுக் காவல் உத்தியோகம். ரிட்டயர்மென்ட்டே கிடையாது." பந்தியே சிரித்தது. நீ வாயைப் பொத்திக்கொண்டாய். பொத்தியது சிரிப்பையா அழுகையையா என்று நான் இதுவரை கேட்கவில்லை.

என்னோடு வேலை பார்த்த திருஞானசம்பந்தம் அதே கல்லூரியில் இப்போது துணை முதல்வர். என்னை விடக் குறைவாகப் படித்தவன், ஆனால் ஆள் பிடித்துக் கல்லூரியில் சேர்க்கத் தெரிந்தவன். காந்தி ரோட்டில் என்னைப் பார்த்தால் கார் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறான். இதையெல்லாம் மறந்துவிடு என்கிறாய். வரலாறு படித்தவனிடம் மறக்கச் சொல்வது, தறிக்காரனிடம் இழையை எண்ணாதே என்று சொல்வதுபோல்.

இதெல்லாம் பழையது. புதியதும் ஒன்று இருக்கிறது. போன மாதம் நம் சங்கீதா பெங்களூரிலிருந்து லீவில் வந்திருந்தாளே, ஒரு மத்தியானம் நான் தூங்குகிறேன் என்று நினைத்து என் புத்தக அலமாரியை நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தாள். நீளத்துக்கு ஒரு முடிச்சு, உயரத்துக்கு ஒரு முடிச்சு. எதற்கு என்று கேட்டேன். சும்மா என்றாள். பெற்ற பெண் அப்பாவின் அலமாரியைச் சும்மா அளப்பாளா? இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அலமாரியை மரக்கடைக்கும் புத்தகங்களைப் பழைய பேப்பர்க் கடைக்கும் போடுவதற்கு அம்மாவும் பெண்ணும் பேசி முடித்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நடக்காது.

சென்னை எனக்குத் தெரியாத ஊர் அல்ல. எம்.ஃபில். படிக்கும்போது விடுதியில் இருந்தவன். குடிக்கிற தண்ணீர் லாரியில் வரும். வியர்வை ஒன்றுதான் அங்கே சொந்தம். யாரும் யாரையும் நின்று பார்க்காத ஊர். பார்க்காதவர்கள் நடுவில் போய்க் கடை போட்டிருக்கிறாய்.

அந்த ஊர் ஹோட்டல்காரர்கள் டம்ளரில் மாவை ஊற்றி, மேலே ஒரு முந்திரியை ஒட்டி, காஞ்சிபுரம் இட்லி என்று விற்கிறார்கள். நீ அப்படிச் செய்யாமல் மூங்கில் குடலையிலேயே அவிக்கிறாய் என்று சங்கீதா சொன்னாள். சரி. ஆனால் மந்தாரை இலை கிடைக்காமல் குடலைக்குள் வாழை இலை விரிக்கிறாயாமே. அதுவும் போகட்டும், முழங்கை நீளத்துக்கு வரும் இட்லியை யார் வெட்டுகிறார்கள்? கத்தி வைத்தால் உதிர்ந்துவிடும். இங்கே நீ ஒரு கையால் இட்லியை உருளாமல் பிடித்துக்கொண்டு மறு கையில் பட்டு நூலின் ஒரு முனையைப் பிடிப்பாய். மறுமுனை என்னிடம் இருக்கும், இருவரும் சேர்ந்து இழுத்தால் துண்டு விழும். அங்கே என்ன செய்கிறாய் என்று தோன்றியது, கேட்டுவிட்டேன். பதில் எழுத வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டு முனிரத்தினம் ஆவணி முகூர்த்தத்துக்கு மூச்சு விடாமல் நெய்கிறார். அவர் தறிச் சத்தத்தில்தான் எனக்கு விடிகிறது. சமையல் நானே செய்துகொள்கிறேன். உப்புமாவில் உப்பு சரியாக விழ ஆரம்பித்திருக்கிறது.

நின்றுகொண்டே சாப்பிடாதே. கால் வீங்கும்.

இப்படிக்கு,
குமரகுரு.


பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
ஆடி இரண்டாம் வாரம், சனிக்கிழமை.

அன்புள்ள அம்சாவுக்கு,

போன கடிதம் கைக்கு வந்துவிட்டது என்று சங்கீதா சொன்னாள். அதைப் படித்தவள் இதையும் முழுவதும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புதன்கிழமை நான் சென்னைக்கு வந்திருந்தேன்.

பல்கலைக்கழகத்தில் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும் என்று முனிரத்தினத்திடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அப்படி ஒரு சான்றிதழும் இல்லை. விடிந்ததும் தாம்பரம் பஸ், அங்கிருந்து தரமணிக்கு டவுன் பஸ். கூட்டத்தில் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். எனக்கு அவ்வளவு வயதாகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கால் வலித்ததால் உட்கார்ந்துவிட்டேன்.

உன் கடை இருக்கும் தெருவைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்கவில்லை. மிளகும் பெருங்காயமும் தெரு முனையிலேயே வழி சொல்லிவிட்டன. ஒரு பக்கம் அம்மன் கோயிலில் கூழுக்கு வரிசை, ஒலிபெருக்கியில் பாட்டு. எதிர்ப் பக்கம் உன் இட்லிக்கு வரிசை. நடுவில் தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டே போனது. முதுகில் பெட்டி மாட்டிய சாப்பாடு கொண்டுபோகும் பையன்கள் வண்டியில் சாய்ந்தபடி செல்போனை முறைத்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்கிய ஒருவன் ஒரு கையில் தட்டும் தோளில் போனுமாக மேலதிகாரியிடம் இங்கிலீஷில் கெஞ்சிக்கொண்டே, உன்னிடம் ஜாடையில் இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டான். நீயும் ஜாடையிலேயே, சட்னி ஒரு தடவைதான் என்று சொன்னாய். அந்தக் கண்டிப்பைப் பார்த்ததும் நீதான் என்று நிச்சயமாயிற்று.

நீ என்னைப் பார்க்கவில்லை. நிமிர உனக்கு நேரம் இல்லை. நான் எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் பெயர் கிறிஸ்டோபர். என்னை வெகுநேரம் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து குனிந்து, "இன்னா சார், அக்கா கடையையே பார்த்துக்கினு இருக்கீங்க? பசின்னா போய் சாப்புடுங்க. துட்டு அப்பால குடுத்தாலும் அக்கா ஒன்னியும் சொல்லாது" என்றார். எம்.ஃபில். படித்தவனைப் பார்த்து. நான் கோபத்தோடு காசை எடுத்துக் கொடுத்து, அவரையே ஒரு தட்டு வாங்கி வரச் சொன்னேன்.

சாப்பிட்டேன், அம்சா. மிளகு சரி. தயிரின் புளிப்பு நம் வீட்டுப் புளிப்பேதான். சுக்கைக் குறைத்திருக்கிறாய். சென்னைக்காரர்களுக்காக என்று நினைக்கிறேன். அது தப்பு, கேட்கிறவனுக்காக ருசியை மாற்றக் கூடாது. மந்தாரை வாசனை இல்லாதது குறைதான். ஆனால் என் கண் துண்டின் மேலேயே இருந்தது. ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தது. நூலின் ஒரு முனை அசையாத எதிலாவது கட்டியிருந்தால்தான் துண்டு அப்படி விழும். நிமிர்ந்து பார்த்தேன். கடைக்கு மேல் விரித்திருந்த பெரிய குடையின் கம்பியில் கட்டியிருந்தாய்.

நான் கேட்டிருந்ததற்குப் பதில் கிடைத்துவிட்டது.

நடைபாதை ஓரத்தில் ஒருவன் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்து தட்டு கழுவிக்கொண்டிருந்தான். திரும்பியபோதுதான் ஜெயக்குமார் என்று தெரிந்தது. தினமும் வண்டி எடுப்பதற்கு முன் வந்து கழுவிக் கொடுத்துவிட்டுப் போகிறானாம், கிறிஸ்டோபர் சொன்னார். இதை நீ எனக்குச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன் என்பது வேறு. அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. பந்தியில் சொன்னது சொன்னதுதான். ஆனால் தட்டைத் திருப்பி அடிப்பக்கமும் தேய்க்கிறான். அதையும் பார்த்தேன்.

அப்போது தூறல் விழுந்தது. கூட்டம் கலைந்து ஓடும், நீ தனியாக நனைவாய் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்பதைவிட, அந்த ஊரைப் பற்றி நான் சொன்னது சரியாகிவிடும் என்று காத்திருந்தேன் என்பதுதான் சரி. வரிசையில் இருந்தவர்கள் தங்கள் குடைகளை விரித்து உன் அடுப்புக்கு மேல் பிடித்தார்கள். தாங்கள் நனைந்தார்கள். காற்றில் பெரிய குடை ஆடி, கம்பியில் இருந்த நூல் நழுவியது. அட்டை தொங்கிய ஒரு பெண் அந்த முனையை எடுத்துப் பிடித்துக்கொண்டாள். பாவம், அவளுக்குப் பழக்கம் இல்லை. நீ இழுக்கும்போது விட்டாள், நீ விடும்போது இழுத்தாள். இட்லி கோணலாக அறுந்து, ஒரு பாதி உருண்டு போய்ச் சட்னிப் பாத்திரத்தில் விழுந்தது. தெருவே சிரித்தது. நீ தலையில் கை வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாய்.

நம் வீட்டில் நீ அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகிறது. நீ சிரித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த முனை இன்னொருத்தி கையில் இருந்ததுதான் என்னவோ செய்தது.

எழுந்துவிட்டேன். ரோட்டைத் தாண்ட ஒரு காலும் வைத்துவிட்டேன். காலி டம்ளரை எடுக்க வந்த கிறிஸ்டோபர், நான் கேட்காமலே உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்: "அக்கா வீட்டுக்காரரு காஞ்சிபுரத்துல பெரிய புரொபசராம் சார். வேலை ஜாஸ்தியாம். ஆவணில வந்துடுவாருன்னு சொல்லிக்கினு இருக்குது."

என் கடிதம் கையில் இருக்கும்போதே நீ இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

வைத்த காலை எடுத்துக்கொண்டேன். தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கும் அந்த மனிதர், சவரம் செய்யாத முகமும் கசங்கிய சட்டையுமாக, பசியோடு வந்தவன் என்று நினைக்கப்பட்டவராக, டீக்கடைப் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தால் உனக்கு நன்றாக இருக்காது. வரும்போது ஒழுங்காக வர வேண்டும். அதனால்தான் பார்க்காமல் திரும்பினேன். வேறு எதையும் நினைத்துக்கொள்ளாதே.

வீட்டுக்கு வந்ததும் முனிரத்தினம், "சான்றிதழ் கெடைச்சுதா சார்?" என்றார். கிடைத்தது என்றேன்.

சாயங்காலம் சங்கீதாவுக்குப் போன் செய்து அலமாரி விஷயத்தில் ஒரு முடிவு தெரிய வேண்டும் என்றேன். "அது விக்கறதுக்கு இல்லபா. அம்மா பார்த்து வச்சிருக்கிற வீட்ல உன் அலமாரி அடங்குமான்னு அளந்து அனுப்பச் சொல்லிச்சு. நூலை எடுத்துக்கினு போய் சுவத்துல வச்சுப் பார்த்துதாம். அடங்குது. நாலு விரல் மிச்சம் இருக்குது" என்றாள். அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "நீ வர்றேன்னு சொல்றதுக்கு முன்னாடி சொன்னா அதுக்கும் கோச்சுப்பியேபா" என்றாள். கோபித்துத்தான் இருப்பேன்.

வீட்டுக்காரருக்கு நீ இன்னும் எந்தப் பதிலும் சொல்லவில்லை என்றும், என் கடிதத்தை மிளகு டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறாய் என்றும் அவளே சொன்னாள். அதை அங்கிருந்து எடுத்து அடுப்பில் போடு. நான் எழுதிய தமிழில் அது ஒன்று எரிந்தால் நஷ்டமில்லை.

இரண்டு பேர் என்று சொல்லிவிடு.

சில விஷயங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜெயக்குமார் வீட்டில் ஒரு நாள்கூடத் தங்க மாட்டேன். நேராக நம் வீட்டுக்குத்தான் வருவேன். அவன் பேசினால் பதில் பேசுவேன், அவனாகப் பேசட்டும். அலமாரி ஏறும் வண்டியில்தான் நானும் ஏறுவேன். அந்த ஊரில் எனக்கு வேலை கிடைக்குமா என்று தெரியவில்லை, தேடுவேன். கிடைக்கும்வரையிலும், கிடைத்த பிறகு காலை வேளையிலும், உன் கடையில் நிற்பேன். இதை எழுதுவதற்கு முன் பேனா கொஞ்சம் நின்றது. எழுதிவிட்டேன். சுக்கைப் பற்றி நாம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

ராஜாஜி மார்க்கெட்டில் இலைக்கடைக்காரரிடம் மந்தாரை இலைக் கட்டு சொல்லி வைத்திருக்கிறேன். முனிரத்தினம் தன் தறிப் பாவில் மிஞ்சிய பட்டு இழை கொடுத்தார். அதை நானே முறுக்கிப் புதிய நூல் செய்திருக்கிறேன். பழையது கம்பியில் உரசி நைந்திருக்கும்.

ஏகாம்பரநாதர் துணையில் கடை நன்றாக நடக்கட்டும். மழை வந்தாலும் வரிசை கலையாமல் இருக்கட்டும். ஆவணி பிறந்து நான் வரும் காலையில், எப்போதும்போல் குடையை விரி, அடுப்பை ஏற்று, இட்லியைப் பலகையில் கவிழ்த்து வை. நூலை மட்டும் கம்பியில் கட்டாதே.

உன்,
குமரகுரு.