ஸ்வீடன் கோப்பையில் காபி

1973 ஜூலை 12, வியாழன்

அபிராமபுரத்து வீட்டுக்கு நான் தனியாகக் குடிவந்த பிறகு, சேர்த்து வைத்திருக்கும் ஸ்வீடன் பீங்கான்களைப் பார்க்க இன்றுதான் ஒருவர் வந்தார். ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் ஸ்வீடன் இன்ஜினியரின் மனைவி. ஊருக்குத் திரும்புவதால் வீட்டுச் சாமான்களை விற்கிறார். போன வாரம் அங்கே போனபோது அறிமுகம்.

நான் நீட்டிய பச்சைக் கிண்ணத்தைக் கையில் வாங்கி, அதில் பதித்திருந்த வெள்ளி மீனைத் தடவிப் பார்த்தார். பழைய வெண்கலம் மாதிரி தெரியத்தான் இந்தப் பச்சைப் பூச்சு என்றார். அவருடைய அம்மாவுக்குக் கல்யாணத்தில் இப்படி ஒன்று வந்ததாம். பிறகு இலை வரைந்த கோப்பைகளைக் காட்டி, "இதில் காபி குடித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"எங்கள் வீட்டில் தினமும் இதில்தான்."

இரண்டை வெளியே எடுத்தேன். சமையல்கார முனியம்மா காபி போட்டுக் கொடுத்தாள். இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம். நாளை அவர் விமானம் ஏறுகிறார்.

அவர் போனதும் முனியம்மா கோப்பைகளைக் கழுவித் துடைத்தாள். "அலமாரில வெச்சிடட்டா சார்?"

"வேண்டாம், வெளியிலேயே இருக்கட்டும். இனிமேல் அதில்தான் காபி."

"ரெண்டுமா சார்? நாளைக்கி யார்னா வராங்களா?"

கொஞ்சம் யோசித்து, ஒன்றை மட்டும் உள்ளே வைக்கச் சொன்னேன்.