நான் ஊதும் முன்பே கைதட்டினார்கள்

என் செல்ல அப்பாவுக்கு,

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. நல்ல செய்தி கிடைத்தால் எழுதலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். இது நல்ல செய்தி இல்லை. போன மாதம் எங்கள் பல்கலைக்கழகத்தில் நடந்த ஜாஸ் கச்சேரியை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. உன்னை விட்டால் யாரிடம் சொல்வேன்?

எங்கள் குழுவை பிக் பேண்ட் என்பார்கள். முன்வரிசையில் சாக்ஸபோன், நடுவில் டிராம்போன், பின்னால் டிரம்பெட், ஓரமாகப் பியானோ, டிரம்ஸ். பதினேழு பேர், எல்லோரும் மாணவர்கள். சாவு வீட்டிலும் கல்யாண ஊர்வலத்திலும் நீ ஊதிய அதே டிரம்பெட்தான் என் கையிலும். "உதடு வீங்கிப்போவும், வேணாம்டி" என்று நீ தடுத்தும் பள்ளிக்கூட பேண்டில் சேர்ந்தேனே, அதில் தொடங்கி இங்கே வந்து நிற்கிறேன். இந்த முறை எனக்கு ஒரு தனி வாசிப்பு கொடுத்தார்கள். பாட்டின் நடுவே நான் மட்டும் எழுந்து, மனதில் தோன்றுவதை ஊத வேண்டும்.

கச்சேரிக்கு ஒரு வாரம் முன்னால் எங்கள் இயக்குநர், "ஸ்டெல்லா, உங்கப்பா போட்டோ ஒண்ணு குடும்மா, ஸ்கிரீன்ல ஒரு அஞ்சலி போடலாம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சிவப்புக் கோட்டும் தங்கக் கயிறுமாக உன் பேண்டு ஆட்களோடு நீ சிரித்துக்கொண்டு நிற்பாயே, அந்தப் படத்தைக் கொடுத்தேன். அவர் அனுப்பிய ஒரு மாணவியிடம் அரைமணி நேரம் உன்னைப் பற்றிப் பேசவும் செய்தேன்.

அன்று அம்மாவை இரண்டாவது வரிசையில் உட்காரவைத்தார்கள். முதலில் வந்த இரண்டு ஜூனியர் குழுக்களும் நன்றாகவே வாசித்தன. அப்புறம் நாங்கள். என் முறைக்கு முன்னால் விளக்கை அணைத்துத் திரையில் உன்னைக் காட்டினார்கள். பக்கத்தில் நின்றவர்களை வெட்டிவிட்டிருந்தார்கள். சிவப்புக் கோட்டைக் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டார்கள், பார்ப்பவர்களுக்குப் பாவமாக இருக்கட்டும் என்று. அறிவிப்பாளர் ஆங்கிலத்தில் குரலை இறக்கி வாசித்தாள். பிணத்துக்கு முன்னால் ஊதிப் பிழைத்தவராம் நீ. குடிக்கு அடிமையாகி உயிரை விட்டாயாம். அந்த இருட்டிலிருந்து உன் மகள் ஜாஸ் மேடைக்கு ஏறி வந்திருக்கிறாளாம்.

குடியா? கிட்னி கெட்டு, வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்குக் கையை நீட்டிக்கொண்டு படுத்திருந்த நீயா? சக ஆட்கள் கிளாஸை நீட்டினால், "எனக்கு டீ சொல்லுங்கப்பா" என்று நகர்ந்துவிடும் நீயா?

அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. நான் இன்னும் ஒரு சுரம்கூட ஊதவில்லை, அப்பா. வாய் காய்ந்துவிட்டது. மேல் சுரம் இரண்டு இடத்தில் உடைந்தது. ஒரு இடத்தில் தாளமே தப்பியது. அதற்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள். முடிந்ததும் பட்டுப் புடவை கட்டிய ஒரு அம்மா மேடையேறி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் கண்ணீர் என் கழுத்தில் பட்டது. எனக்கு அருவருப்பாக இருந்தது.

சாக்ஸபோன் வாசிக்கும் சைத்ரா மட்டும்தான் உண்மையைச் சொன்னாள். கன்னடக்காரி, என்னோடு தமிழ் பேசுவாள்; 'சும்மா' மட்டும் அவளுக்கு 'சும்னே'தான். "சும்னே தட்றாங்க ஸ்டெல்லா. நீ இன்னிக்கு செரியா வாசிக்கல." அவளை அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஆட்டோவில் அம்மா கேட்டாள். "அப்பாவப் பத்தி என்னடி சொன்னாங்க?"

"நல்லா ஊதுவாருன்னு சொன்னாங்கம்மா."

"அதுக்கா அந்தம்மா அப்படி அழுதாங்க?"

சொல்லிவிட்டேன். ஆட்டோ நம் வீடிருக்கும் நீலசந்திரா பக்கம் திரும்பியது. அம்மா, "யாரு இத அவங்களுக்குச் சொன்னது?" என்றாள்.

நான்தான், அப்பா. உங்கப்பா குடிப்பாரா என்று அந்த மாணவி கேட்டபோது, "பேண்டுக்காரங்க குடிக்காம இருப்பாங்களா" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவளைப் போல நானும் எதையும் லேசாக எடுத்துக்கொள்கிறவள் என்று காட்டிக்கொள்ள நினைத்தேன். அவர்கள் மேல் வரும் அருவருப்பைவிட என் மேல் வருவதுதான் அதிகம்.

அம்மா என்னைத் திட்டவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு இயக்குநர் அறைக்கு வந்தாள்.

"சார், எங்க வீட்டுக்காரர் குடிச்சத நீங்க பாத்தீங்களா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "அம்மா, யாரும் தப்பா நெனைக்கல. எல்லாரும் அழுதாங்க. அவ்ளோ மரியாதை."

"அவங்க அழுததாலதான் சார் கேக்கறேன்."

இணையத்தில் போட்ட கச்சேரி வீடியோவை நீக்கிவிடுவதாகச் சொன்னார். மேடையில் திருத்திச் சொல்ல முடியாது, சொன்னால் கச்சேரியின் மூட் கெட்டுவிடும் என்றார். காபி வரவழைத்தார். அம்மா அதைத் தொடவில்லை.

அடுத்த சனிக்கிழமை பெற்றோர்களுக்காக அதே கச்சேரி மறுபடி நடந்தது. என் முறை வந்ததும் நேராக மைக்குக்குப் போனேன். இயக்குநர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். "எங்கப்பா பேரு அந்தோணி. அவர் குடிச்சதே இல்ல. போன தடவ இங்க அவரப் பத்திப் படிச்சது பொய். அந்தப் பொய் வந்ததுக்கு நானும் ஒரு காரணம்" என்றேன். ஆங்கிலத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம். அப்புறம் ஊதினேன். எதுவும் உடையவில்லை. ஆனால் பெரிதாக ஒன்றும் ஊதிவிடவும் இல்லை. உட்கார்ந்தபடியே கொஞ்சம் பேர் தட்டினார்கள். அந்தக் கைதட்டல் போதுமாக இருந்தது.

அடுத்த கச்சேரிக்கான பட்டியல் நேற்று ஒட்டினார்கள். தனி வாசிப்பில் என் பெயர் இல்லை. டிரம்பெட் வரிசையில் கடைசி நாற்காலிக்கு மாற்றிவிட்டார்கள். ஒருவரும் காரணம் சொல்லவில்லை. அதே இயக்குநர் இன்று காலை என்னைப் பார்த்துச் சிரித்து, "அம்மா சௌக்கியமா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அது தப்பா, அப்பா?

கடைசி நாற்காலியானாலும் நான் விலகப்போவதில்லை. உன்னைப் பற்றி இனி யார் கேட்டாலும் நடந்ததை மட்டும் சொல்வேன். ஒருவரைச் சிரிக்கவைக்கவோ அழவைக்கவோ உன்னை எடுத்துக் கொடுக்க மாட்டேன். இது சத்தியம்.

அந்தோணியின் மகள்,
ஸ்டெல்லா