அம்சவள்ளியின் இடது முழங்கால்

மூன்றாம் டிவிஷன் லயம்,
பத்தாங் பெர்ஜுந்தாய்,
20.7.1986

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மனைவி அம்சவள்ளி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும். அந்த வரியை மட்டும் இந்த முறை எழுதாமல் வைத்திருக்கிறேன். பயந்துவிடாதீர்கள், சாகக் கிடக்கவில்லை. லோரிக்குள் உட்கார்ந்து தனியாகப் படியுங்கள். உங்கள் ஜொகூர் கூட்டாளிகள் யாரும் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க வேண்டாம்.

முதலில் ஊர்ச் செய்தி. எனக்கு முழங்கால் வலி என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. இடது முழங்கால். உண்மையில் வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு வாரமாக நொண்டிக்கொண்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகும்போது மறந்துபோய் வலது காலை நொண்டிவிட்டேன். பக்கத்து வீட்டுத் தங்கமணி அக்கா விடுவாளா? "என்னாடி, நோவு எடம் மாறிருச்சா?" என்றாள். "வாயு அக்கா, அங்கயும் இங்கயும் ஓடுது" என்றேன். அதையும் நம்பி, சாயங்காலம் வேப்பெண்ணெயைக் காய்ச்சிக்கொண்டு வந்து இரண்டு காலிலும் தேய்த்துவிட்டாள். இப்போது என் பக்கத்தில் கொசுகூட வருவதில்லை.

இந்தப் பொய் பிறந்த இடம் கோலசிலாங்கூரில் ஒரு கிளினிக் பெஞ்சு. அந்தக் கதைக்குத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் நீங்கள் வந்து தங்கிவிட்டுப் போனீர்கள் அல்லவா? அதற்குக் கொஞ்ச நாள் கழித்து எனக்கு ஒன்றுக்குப் போனால் எரிய ஆரம்பித்தது. சூடுதான் என்று நினைத்தேன். பார்லி காய்ச்சிக் குடித்தேன், வெந்தயம் விழுங்கினேன், இளநீர் வெட்டச் சொல்லி ஊரையே தொந்தரவு செய்தேன். கக்கூசுக்கு ஓடிய ஓட்டத்தைத் தோட்டத்து விளையாட்டுப் போட்டியில் ஓடியிருந்தால் கோப்பை நமக்குத்தான். பிறகு வெள்ளை படத் தொடங்கியது, நிறமும் சரியில்லை, அடிவயிற்றிலும் வலி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசரிடம் காட்டலாம். காட்டினால் மத்தியானத்துக்குள் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிலிருந்து ஆடு மேய்க்கிறவர் வரைக்கும் எனக்கு மருந்து சொல்வார்கள். அதனால்தான் பஸ் ஏறி அவ்வளவு தூரம் போனேன். போனால், பெஞ்சில் தங்கமணி அக்கா! இருமலுக்கு வந்தாளாம். "நீ எதுக்குடி வந்த?" என்று கேட்டதும் வாயில் வந்தது முழங்கால்தான்.

உள்ளே டாக்டர் மங்கையற்கரசி. யாழ்ப்பாணத்து அம்மா, பேச்சே தாலாட்டு மாதிரி இருக்கும். சோதித்துப் பார்த்துவிட்டு, "உங்கட மனுசன் எங்க வேலை?" என்றார். ஜொகூர் பக்கம் லோரி ஓட்டுகிறார் என்றேன். கொஞ்சம் தயங்கி, "உங்களுக்கு வேற ஆரோடயும் பழக்கம்..." என்று இழுத்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "டாக்டரம்மா, விடிஞ்சா பெரட்டு, பகலெல்லாம் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கணும், வீட்டுக்கு வந்தா அடுப்பு. எனக்கு எங்கம்மா நேரம்?" என்றேன். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததைப் பார்த்த பிறகுதான் எனக்கே புரிந்தது.

வெட்டை என்று நம் ஆட்கள் சொல்வார்களே, அதுவாக இருக்கலாமாம். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவது. சோதனைக்கு எடுத்து அனுப்பியிருக்கிறார், முடிவு இன்னும் வரவில்லை. அதற்குள் ஊசி போட்டு மாத்திரையும் கொடுத்துவிட்டார். குணமாகிவிடும், பயப்பட வேண்டாம் என்றார். ஆனால் எனக்கு மட்டும் மருந்து கொடுத்தால் உங்களிடமிருந்து திரும்பவும் எனக்கு வந்துவிடுமாம். நீங்களும் வந்து சோதித்து மருந்து எடுக்க வேண்டும், இருவரும் குணமாகும்வரை விலகி இருக்க வேண்டும். "நீங்களே அவருக்குச் சொல்லுறீங்களோ?" என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்று பெரிய வீராங்கனை மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு இது நான் எழுதும் நாலாவது கடிதம். மற்ற மூன்றையும் அடுப்பு தின்றுவிட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "கால் நோவுக்கா இப்படி அழுவுற?" என்றாள் தங்கமணி அக்கா. ஆமாம் அக்கா, ரொம்ப நோவு என்றேன்.

இனிமேல்தான் உங்களுக்கு முக்கியமான செய்தி. ஆடித் திருவிழா வருகிறது. வருசா வருசம் நான்தானே பால்குடம் எடுப்பேன்? நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, கோயில் தலைவர், எங்களிடம் வேலை வாங்கும் மண்டோர் தனபாலன், "ஒனக்கு முடியலன்னா ஒன் வீட்டுக்காரன் காப்பு கட்டட்டும். பொண்டாட்டி முட்டிக்கு அவன் நெருப்பு மிதிக்கட்டும்லா!" என்றார். வெயிலில் சிமெண்டுத் தரை சுட்டாலே குதிக்கிறவர் நீங்கள். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது பளிச்சென்று ஒன்று தோன்றியது. காப்புக் கட்டிய ஆம்பளை கோயிலிலேயே படுப்பான், பெண்டாட்டி பக்கம் வரமாட்டான். ஏன் என்று லயத்து வீடுகளில் ஒரு வாயும் கேட்காது. சரி, பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். டாக்டரம்மா சொன்னதையும் மாரியாத்தா சொன்னதையும் சேர்த்தே முடித்துவிடலாம்.

காப்பு ஆகஸ்டு முதல் தேதி, வெள்ளிக்கிழமை. முதலாளியிடம் சொல்லிவிட்டுப் புதன்கிழமையே வந்துவிடுங்கள். வியாழக்கிழமை இருவரும் கிளினிக் போவோம். என் முட்டிக்காகக் கூட வந்ததாக ஊர் நினைத்துக்கொள்ளட்டும். கடையில் யாரோ சொன்ன மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டு, சரியாகிவிட்டது என்று வந்து நிற்காதீர்கள்.

எப்போது தொற்றியது என்று சொல்ல முடியாது, ஆம்பளைக்கு வெளியே தெரியாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். அந்தப் பேச்சை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் அதையே பிடித்துத் தொங்காதீர்கள். நடந்தது என்னவோ, உங்கள் வாயால் எனக்குச் சொல்லுங்கள். கத்துவேன், கரண்டிகூடப் பறக்கலாம். பிறகு அதே கரண்டியால் சோறு போடுவேன். விரதச் சோறுதான், கோழி கிடையாது.

இன்னொன்று. அங்கே சொல்ல வேண்டியவள் யாராவது இருந்தால், புறப்படும் முன்னே அவளிடமும் சொல்லிவிட்டு வாருங்கள். சூடுதான் என்று நினைத்து அவளும் பார்லி காய்ச்சிக் குடித்துக்கொண்டிருப்பாள், பாவம்.

மாரியாத்தா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். எல்லாரும் சுகம் என்ற வரியை நீங்கள் வந்த பிறகு பார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்க்கும்
அம்சவள்ளி

பி.கு.: தங்கமணி அக்கா கேட்டால், இடது கால். நானே மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள்.