உன் அறையில் போட்ட பில்லியர்ட்ஸ் மேஜை

அலெக்சாண்ட்ரியா
செவ்வாய்க்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு

என் கண்ணு ஹாஸிமுக்கு, அம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கருணையில் நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மெல்பர்னில் நீயும் அப்படியே இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருமல் விட்டதா, காதை மூடாமல் குளிரில் திரியாதே. உன் சித்தி மகள் நஜ்லாவுக்கு நிச்சயம் ஆகிவிட்டது, மாப்பிள்ளை பல் டாக்டர், அவன் பேசுகிற பேச்சுக்கு எவனுக்கு வாயைத் திறந்து காட்ட நேரம் கிடைக்குமோ தெரியவில்லை. சரி, இதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது ஹாஸிம். வீட்டு ஃபோன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தபாலாபீஸ் ஃபோனில் பேசலாம் என்று போனேன், வரிசையில் அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேர் நின்றார்கள், தபால்தலை வாங்க வந்ததாகச் சொல்லித் திரும்பிவிட்டேன்.

ஜூலையில் வருகிறேன் என்று நீ எழுதியதிலிருந்து அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. துறைமுகத்துப் பக்கம் மூடிப்போன கிளப்பிலிருந்து பில்லியர்ட்ஸ் மேஜையை வாங்கி வந்துவிட்டார், பதினாறு வயதில் அவரை நீ முதன்முதலாகத் தோற்கடித்தது அதில்தானாம். பச்சைத் துணிக்கு அடியில் முழுக்கக் கல், பெரிய பெரிய பாளமாக மூன்று. எட்டு ஆள் கயிறு கட்டிப் பால்கனி வழியாக மூன்றாவது மாடிக்கு ஏற்றினார்கள், தெருவே அண்ணாந்து பார்த்தது. உன் கட்டில் வெளியே போய்விட்டது. சுவருக்குக் கரும்பச்சை வண்ணம், மேஜைக்கு மேல் தாழத் தொங்கும் மூன்று விளக்கு, பந்தடிக்கும் கோல்களை நிறுத்தி வைக்க மரத்தாங்கி, அவருடைய கப்பல் கடிகாரம், கண்பட்டுவிடாமல் ஒரு நீலமணி. அழகாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் எல்லாம் மாட்டி முடித்த பிறகுதான் குனிந்து அடிக்க இடம் போதவில்லை, கோலின் பின்முனை சுவரில் இடிக்கிறது என்று தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் குட்டையான கோலாக வாங்கியிருப்பார்கள். உன் அப்பா சுவரை இடித்தார். உன் அறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இருந்ததே, அந்தச் சுவர். பிறகு மேஜையை நடுவுக்கு நகர்த்தினார். இன்ஜினியர் யாரையும் கேட்கவில்லை, மேஜை பூட்டுகிற மேஸ்திரி தர்வீஷ் அது பாரம் தாங்காத வெறும் தடுப்பு என்று சொன்னாராம். அவருக்கு மேஜையைப் பற்றித் தெரியும், வீட்டைப் பற்றி என்ன தெரியும்.

பூட்டிய அன்று ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள், குமிழி நட்டநடுவில் நின்றது. நாலாம் நாள் பந்து தானாகச் சாப்பாட்டு அறைப் பக்க மூலைக்கு உருண்டது. தர்வீஷ் வந்து அந்தக் காலுக்கு அடியில் சீட்டுக்கட்டிலிருந்து இரண்டு சீட்டைச் செருகினார், மேஜை உட்காரும் வரை இப்படித்தான் இருக்குமாம், அவர்கள் தொழிலில் வழக்கமாம். அடுத்த வாரம் மூன்று சீட்டு. இன்றைக்குப் பதினாலு. இரண்டு பேரும் மண்டியிட்டு மேஜைக்காலையே பார்க்கிறார்கள். நான் நேற்று ஒரு எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்தேன், அதுவும் அந்த மூலைக்கே ஓடியது. மேஜை சாயவில்லை ஹாஸிம், தரை இறங்குகிறது. சுவர் இருந்த இடத்தில் தரை ஓடுகள் விலகி என் சுண்டுவிரல் நுழைகிறது. அப்பாவிடம் சொன்னேன், சிரித்தார். "பூகம்பத்துக்கே அசையாத வீடு, ஒரு மேஜைக்கா விழுந்துடும்? என் புள்ள வந்து ஒரு ஆட்டம் ஆடட்டும், அப்புறம் நீ என்ன வேணா சொல்லு" என்றார். நீ வந்த முதல் வெள்ளிக்கிழமை இருபது பேரை அழைத்திருக்கிறார், மேஜையைச் சுற்றி நின்று நீங்கள் ஆடுவதைப் பார்க்க.

நேர் கீழே ஸுரய்யாவின் படுக்கையறை. உனக்கு அவளைத் தெரியாது, நீ போன பிறகு குடிவந்த பெண், புருஷன் கப்பலில் இருக்கிறான், மூன்று மாதக் குழந்தை. போன வாரம் மேலே வந்து, தயங்கித் தயங்கி, "ஹாஸிம் அம்மா, கோவிச்சுக்காதீங்க, பாப்பா தொட்டில்ல காரை விழுது" என்றாள். புருஷனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் உன் அப்பா, அதற்கு மேல் அவள் வாயைத் திறக்கமாட்டாள். நான் குழாய் கசிகிறது என்று பொய் சொன்னேன், அல்லாஹ் மன்னிக்க வேண்டும். நகராட்சிக்குச் சொன்னால் அனுமதியில்லாமல் சுவரை இடித்ததற்கு இந்த வயதில் அவரை இழுத்துக்கொண்டு போவார்கள், அந்தக் கோழைத்தனத்தில்தான் சொல்லாமல் இருக்கிறேன்.

அப்பா கேட்பது உன் ஒருத்தன் பேச்சைத்தான். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே அவருக்கு ஃபோன் செய். வரவில்லை என்று சொல். அந்த ஆட்டத்தை விட்டு வெகுநாள் ஆயிற்று, இனி கோலைத் தொடப்போவதில்லை என்றும் சொல். அவர் உடைந்துபோவார், தெரியும். உடைந்தால் பக்கத்தில் நான் இருக்கிறேன். நீ ஆடமாட்டாய் என்றால் அந்த மேஜையை அவரால் பார்க்கக்கூட முடியாது, அதே எட்டு ஆளைக் கூப்பிட்டு அன்றே இறக்கிவிடுவேன், இன்ஜினியரையும் அழைத்து வருவேன். மூன்று வருஷமாக வா வா என்று உன்னை அரித்தவள் வராதே என்று எழுதுகிறேன்.

அதுவரைக்கும் எனக்குத் தெரிந்ததைச் செய்கிறேன். அப்பா தினமும் மதியம் லுஹர் தொழுகையிலிருந்து மாலை அஸர் வரை பழகுகிறார். அந்த நேரத்தில் தையல் துணியோடு ஸுரய்யா வீட்டுக்கு வந்துவிடுகிறேன், அந்தப் படுக்கையறையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி. வயதில் பெரியவள் கேட்டால் அவள் மறுக்கமாட்டாள், அறையை எனக்கு விட்டுக்கொடுத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுகிறாள். இப்போதும் தொட்டில் கிடந்த இடத்தில் நாற்காலி போட்டுத்தான் எழுதுகிறேன். மேலே பந்து உருள்கிறது. விழுவதானால் நம் வீட்டு ஆள் மேல் விழட்டும்.

அல்லாஹ் உன்னை எல்லா ஆபத்திலிருந்தும் காக்கட்டும், நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். ஒன்றை மறக்காதே, எனக்கு எழுதும் கடிதத்தை மூன்றாவது மாடிக்குப் போடாதே, இரண்டாவது மாடி, ஸுரய்யா வீடு என்று எழுது. பகலில் நான் இங்கேதான் இருப்பேன்.

உன் அம்மா,
இன்ஷிராஹ்