கருவேலமந்தை ஆஸ்பத்திரியில் பூட்டிக் கிடக்கும் கண்ணாடிப் பெட்டியை ஆவணிக்குள் திறக்கக் கோரி

அனுப்புநர்:
உ. வள்ளித்தாய்,
க/பெ. உக்கிரபாண்டி,
கிழக்குத் தெரு, கருவேலமந்தை,
ஓட்டப்பிடாரம் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தூத்துக்குடி.

பொருள்: குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகள் – கருவேலமந்தை அரசு மருத்துவமனையில் இன்குபேட்டர் இருந்தும் பூட்டி வைத்திருப்பது – வரும் ஆவணி மாதத்துக்குள் திறந்து இயக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவைத் தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதித் தரும் குருசாமி அண்ணாச்சியிடம்தான் முதலில் எழுதக் கொடுத்தேன். "அழுவாச்சியெல்லாம் எழுதக் கூடாது தாயி, கோரிக்கைய மட்டும் சொல்லுங்க, ஒரு பக்கத்துல முடிச்சிருவோம்" என்றார். அவர் தொழில் அவருக்குத் தெரியும். ஆனால் என் காரியம் ஒரு பக்கத்தில் அடங்காது. எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன் என்பதால் தாளை வாங்கி நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு, தயவு செய்து கடைசி வரை படிக்க வேண்டுகிறேன்.

1. நாங்கள் ஆடு மேய்த்துப் பிழைக்கும் குடும்பம். மழை பெய்தால் கொஞ்சம் கம்பும் உளுந்தும் போடுவோம். எனக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் மாரிராஜுக்கு மதுரையில் பெண் எடுத்தோம். மருமகள் பெயர் இந்துஜா. மகள் இசக்கிசெல்வியை மதுரையிலேயே கட்டிக்கொடுத்தோம். மருமகன் லேத்துப் பட்டறையில் வேலை பார்க்கிறார். ஒரு பெண் மதுரையிலிருந்து இங்கே வந்தாள், ஒரு பெண் இங்கிருந்து மதுரைக்குப் போனாள்.

2. எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஏழாம் மாதம் வளையல் போட்டு, பெண்ணைப் பெற்றவர்கள் வந்து கூட்டிப் போக வேண்டும். வராவிட்டால் ஊர் பேசும், சம்பந்தி வீட்டாரும் பேசுவார்கள். தங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

3. இந்துஜாவை அவள் பெற்றோர் வந்து மதுரைக்குக் கூட்டிப் போனார்கள். போன சில நாளிலேயே பனிக்குடம் உடைந்து பிள்ளை பிறந்துவிட்டது. ஏழு மாதம். ஒன்றேகால் கிலோகூட இல்லை. செய்தி வந்ததும் மதுரை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளை படுத்திருந்தான். என் கை நீளம்கூட இல்லை. மூக்கில் குழாய், காலில் ஊசி. எனக்கு நம்பிக்கையே இல்லை. அங்கே இருந்த நர்ஸம்மா, "சூடு விடாமப் பாத்துக்கிட்டா போதும்மா, இதவிடச் சின்னதெல்லாம் வீட்டுக்குப் போயிருக்கு" என்று சர்வசாதாரணமாகச் சொன்னார். அவர் சொன்னது போலவே நடந்தது. அந்தப் பிள்ளைதான் என் பேரன் ஹரி. இப்போது ஆட்டுக்குட்டிகளை விரட்டிக்கொண்டு திரிகிறான். அவனைப் பிடித்துச் சோறு ஊட்டுவதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது.

4. சென்ற ஐப்பசியில் இசக்கிசெல்விக்கு ஏழாம் மாதம். மதுரையில் அவள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் அந்த ஆஸ்பத்திரி, அந்தக் கண்ணாடிப் பெட்டி. அதன் வாசல் வழியாகத்தான் அவளை ஆட்டோவில் ஏற்றி, பஸ் பிடித்து, வளையல் சத்தத்தோடு ஊருக்குக் கூட்டிவந்தோம். முறைப்படி செய்தோம். எங்களுக்கோ சம்பந்திக்கோ வேறு விதமாகச் செய்யலாம் என்றே தோன்றவில்லை.

5. வந்த பத்தாம் நாள் மத்தியானம் வலி எடுத்தது. கருவேலமந்தை அரசு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. எடை போட்டபோது ஹரியைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தாள். அழுதாள், ஐயா. நான் காதால் கேட்டேன். ஏழாம் மாதப் பிள்ளை தங்கிவிடும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை உண்டு. தெருவே வந்து அதைச் சொல்லித் தைரியம் கொடுத்தது. மதுரையில் பார்த்திருந்ததால் நானும் பதறவில்லை. "கண்ணாடிப் பெட்டியில வைங்க சிஸ்டர்" என்றேன்.

6. பெட்டி இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிமார் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. பந்தல் போட்டு, ரிப்பன் வெட்டி, எல்லோருக்கும் குடிக்கக் கலர் கொடுத்தார்கள். விழா முடிந்ததும் ஸ்டோர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இயக்கப் பயிற்சி எடுத்த நர்ஸை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கரண்டு போனால் ஜெனரேட்டர் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, பொருள் உடைந்தால் பொறுப்பில் இருப்பவர் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம். அதனால் சாவி வைத்திருப்பவர் திறப்பதில்லை. அன்றைக்கு அவர் லீவு.

7. பணியில் இருந்தவர் ராஜமணி சிஸ்டர். அவர் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை என்பதை அழுத்தமாகத் தெரிவித்துக்கொள்கிறேன். "யக்கா, சாவி எங்கிட்ட இல்லியே, நான் என்ன செய்யுவேன்" என்று கையைப் பிசைந்தார். பிறகு பிள்ளையைப் பஞ்சில் பொதிந்து, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, குண்டு பல்பை இறக்கிக் கட்டினார். கரண்டு போய்விட்டது. பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார் போனில் பேசிய டாக்டர். தீப்பெட்டி ஆபீஸுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் வேன் கிடைத்தது. ஓட்டியவர் பிச்சையா அண்ணாச்சி. ராஜமணி சிஸ்டர் தன் வேலைக்கு என்ன ஆகுமோ என்றுகூடப் பார்க்காமல் கூடவே ஏறினார்.

8. பிள்ளையை என் ரவிக்கைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்து, மேலே சேலையைச் சுற்றிக் கட்டிவிட்டார் சிஸ்டர். ஐப்பசி மழை. எங்கள் ஊர்ச் சாலை தார் போட்டது பாதி, கரிசல் பாதி. மண் டயரில் அப்பிக்கொண்டு வண்டி ஓடுவேனா என்றது. பிச்சையா அண்ணாச்சி இறங்கிக் கையாலேயே மண்ணை வழித்துப் போட்டார். ஒருவழியாக மணியாச்சி வந்தால் ரயில்வே கேட் அடைத்திருந்தது. ரயில் வந்தால் அடைக்கத்தான் செய்வார்கள். அதைக் குற்றம் சொல்லவில்லை. அங்கே நிற்கும்போதுதான் என் நெஞ்சில் பிள்ளை குளிர்ந்தாள். என் உடம்புச் சூடு அவளுக்குப் போதவில்லை. ராஜமணி சிஸ்டர் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். கையை எடுத்து என் சேலையை இழுத்து மூடினார். அப்புறம், "வண்டியத் திருப்புங்க அண்ணாச்சி" என்றார். கேட் அப்போதுதான் திறந்தது.

9. ஐயா, இரண்டும் என் பேரப்பிள்ளைகள். இரண்டும் ஏழு மாதம். தாய்மார் இருவரும் என் வீட்டுச் சோற்றைத்தான் சாப்பிட்டார்கள். மதுரையில் பிறந்தவன் இருக்கிறான், கரிசக்காட்டில் பிறந்தவள் இல்லை. மதுரையில் ஒன்றேகால் கிலோ என்றால் வைத்தியம் பார்க்கிறார்கள். எங்கள் ஊரில் ஒன்றேகால் கிலோ என்றால் "மனசத் தேத்திக்கோங்க" என்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் உயிர் என்ன மட்டமா? தீப்பெட்டி ஆபீஸில் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்யும் பெண்கள் எங்கள் தெருவிலேயே எத்தனையோ பேர். அவர்களுக்கும் மாதம் நிறையாமல் பிறக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் பெயர்கூட வைப்பதில்லை. நாங்களும் வைக்கவில்லை.

10. இதுபற்றி மருத்துவமனையில் எழுதிக் கேட்டேன். "மேற்படி உபகரணம் நல்ல நிலையில் பராமரிக்கப்பட்டு வருகிறது" என்று பதில் தந்தார்கள். உண்மைதான். ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். கீறல்கூட விழவில்லை. இதுவரை அதில் ஒரு பிள்ளையும் படுக்கவில்லை, பிறகு எப்படிக் கீறல் விழும்?

11. இப்போது இசக்கிசெல்வி மறுபடியும் ஐந்து மாதம். இதுவும் முன்கூட்டியே பிறக்க வாய்ப்பு உண்டு என்று மதுரை டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். முதல் பிள்ளை தங்காததால் இதையே தலைப்பிரசவமாக வைத்துக்கொள்ளலாம், ஆவணியில் வளையல் போடலாம் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு. சம்பந்தியம்மாள் நல்லவர்; "ஒங்க இஷ்டம்" என்று எங்களிடமே விட்டுவிட்டார். இந்தப் பேச்சு வந்தாலே என் கணவர் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். ஆடு மேய்க்கப் போய் இருட்டியபிறகுதான் வீடு திரும்புகிறார்.

12. வெள்ளிக்கிழமைதோறும் இசக்கிசெல்வி எங்கள் ஊர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போடுவாள். போன வாரம், "எம்மா, எப்பம் கூட்டிட்டுப் போக வாரே? எனக்கு ஒங்கிட்ட வந்து கெடக்கணும் போல இருக்கும்மா" என்று கேட்டாள். நல்லா சாப்பிடுறியா, தூங்குறியா என்று நான் வேறு பேச்சுப் பேசினேன். அவள் விடவில்லை, திரும்பவும் கேட்டாள். லைன் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

13. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, ஸ்டோர் அறையைத் திறந்து பெட்டியைப் பிரசவ வார்டுக்குக் கொண்டுவரவும், அதை இயக்கத் தெரிந்த நர்ஸை இரவு பகல் இருக்கும்படி நியமிக்கவும், ஒரு ஜெனரேட்டர் தரவும், உபயோகிக்கும்போது பழுதானால் யார் சம்பளத்திலும் பிடிக்கப்படாது என்று எழுத்தில் உத்தரவு போடவும் பணிவுடன் வேண்டுகிறேன். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். அந்த உத்தரவு இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வந்தாலும் பூட்டு திறக்காது. ராஜமணி சிஸ்டர் அன்றைக்கு அனுமதியில்லாமல் வேனில் வந்ததற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். அதையும் ரத்து செய்ய வேண்டுகிறேன்.

14. தங்கள் உத்தரவு ஆவணிக்குள் வந்தால், நானே மதுரைக்குப் போய் மகளைக் கூட்டிவருவேன். வராவிட்டால், வயிற்றுப் பிள்ளையோடு தாய் வீட்டுக்கு வர ஆசைப்படும் மகளிடம், "நீ வராதே தாயி" என்று இந்த வாயால்தான் சொல்ல வேண்டும். அதையும் சொல்லிவிடுவேன் ஐயா. பிள்ளை உயிர் பெரிதல்லவா? இந்த வெள்ளிக்கிழமையும் அவள் போன் போடுவாள். நான் என்ன சொல்லட்டும் என்பதைத் தாங்கள்தான் தெரிவிக்க வேண்டும்.

இடம்: கருவேலமந்தை
நாள்: 14.07.2003

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) உ. வள்ளித்தாய்,
இசக்கிசெல்வியின் தாய்